பழைய கார் வாங்கும் முன் துரு பார்ப்பது எப்படி: கடலோர ஊர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் நேராக பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்பார்கள். ஏசி குளிர்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பார்கள். குனிந்து அடிப்பாகத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இன்ஜின் கெட்டால் பிரித்து வேலை பார்க்கலாம். கிளட்ச், ஷாக் அப்சார்பர், ஏசி கம்ப்ரஸர் எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். ஆனால் காரின் உடம்புத் தகடு அரித்துப்போனால் ஒட்டுப் போடத்தான் முடியும், பழையபடி ஆக்க முடியாது. அதனால்தான் துருவை முதலில் பார்க்கச் சொல்கிறேன், இன்ஜினைக் கடைசியில்.

நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கார் பார்த்துக் கொடுக்கப் போய்ப் போய் எனக்குப் பழகிய வரிசை இது. 8 முதல் 15 வயதான கார்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் ஓடிய கார் என்றால் ஒரு படியையும் விடாதீர்கள்.

1. கிளம்புவதற்கு முன்

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். நல்ல வெளிச்சமுள்ள டார்ச், தட்டை நுனித் திருப்புளி, ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கும் மெல்லிய காந்தம், வயர் கட்டும் நைலான் டை ஒன்று, டிஷ்யூ பேப்பர், தரையில் விரித்துப் படுக்க ஒரு சாக்கு. போன் வெளிச்சம் போதாது. அது அகலமாகப் பரவும், சந்துக்குள் போகாது. காந்தமும் வலுக்குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஸ்பீக்கரில் இருக்கும் பெரிய காந்தம், பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பட்டி (பசை மாவு) பூசிய இடத்திலும் ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும்.

விற்பவரிடம் போனிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். ஒன்று, "கழுவி வைக்க வேண்டாம், இருக்கிறபடியே பார்க்கிறேன்." தண்ணீர் பட்ட பெயிண்டில் சின்னக் கொப்புளங்கள் மறைந்துவிடும். ஈரத் தரையில் எந்தக் கசிவும் தெரியாது. இரண்டு, "பக்கத்து வாட்டர் வாஷ் கடையில் லிஃப்டில் ஏற்றி ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்." இதற்குச் சம்மதிக்காதவரின் காரைப் பார்க்கப் போக வேண்டாம். ஒளிக்க எதுவும் இல்லாதவர் "தாராளமா பாருங்க" என்றுதான் சொல்வார்.

நேரம் காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள். சாய்ந்த வெயில் தகட்டின் மேடு பள்ளத்தை அப்படியே காட்டும். மழை பெய்யும்போதும், பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்திலும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

2. முதலில் காரின் ஊரையும் தண்ணீரையும் விசாரியுங்கள்

ஒரே மாதத்தில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு கார்களில் ஒன்று ஈரோட்டுக்கும் மற்றது தூத்துக்குடிக்கும் போயிருந்தால், பத்து வருடம் கழித்து இரண்டையும் ஒரே மாடல் என்று சொல்ல மனசு வராது. இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும். உப்பு சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாகும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் மழையே இல்லாத மாதத்திலும் அங்கே அரிப்பு நடந்துகொண்டுதான் இருக்கும்.

நம்பர் பிளேட்டே முதல் தகவல். டி.என். 69 தூத்துக்குடி, 65 ராமநாதபுரம், 51 நாகப்பட்டினம், 74 நாகர்கோவில், 31 கடலூர், 07 தென்சென்னை. இவையெல்லாம் கடல் காற்று வீசும் ஊர்கள். கோவையின் 37, 38, 66, ஈரோட்டின் 33, மதுரையின் 58, 59 போன்றவை உள்நாட்டு எண்கள். ஆனால் நம்பர் பிளேட் பதிவான ஊரை மட்டும்தான் சொல்லும். கோவையில் பதிவாகி, வேலை மாற்றலில் எண்ணூரில் எட்டு வருடம் நின்ற காரும் உண்டு. அதனால் சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து, எந்த ஊர் சர்வீஸ் சென்டரின் முத்திரை அதிகம் என்று எண்ணுங்கள். 2015 டிசம்பரில் சென்னையிலோ, 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்திலோ இருந்த காரென்றால், வெள்ளத்தில் நின்றதா என்று நேரடியாகக் கேளுங்கள். அந்த மாதத்தை ஒட்டி பெரிய இன்சூரன்ஸ் கிளெய்ம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் பலரும் கேட்க மறக்கும் கேள்வி: காரை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள்? கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. காலையில் கார் துடைக்க வருபவர் அந்தத் தண்ணீரை ஒரு வாளி பிடித்துத்தான் துடைப்பார். வருடம் முழுக்க, நாள் தவறாமல். கார் பளபளப்பாக இருக்கும், ஆனால் கதவு இடுக்குகளிலும் மட்கார்டு உள்விளிம்பிலும் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடி ஓரங்களிலும் கதவு ரப்பரிலும் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் உப்புத்தண்ணீர்தான். கடற்கரையில் நிறுத்தியதைவிட இந்தத் தினசரிக் குளியலைத்தான் நான் பெரிய எதிரியாக நினைக்கிறேன்.

3. எந்தக் கார் எவ்வளவு தாங்கும் என்று கணிப்பது

"எந்தக் கம்பெனி கார் துருப்பிடிக்காது?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கம்பெனி பெயரை வைத்துப் பதில் சொல்ல முடியாது. தகடு எப்படிப் பாதுகாக்கப்பட்டது, தண்ணீர் தேங்க எத்தனை இடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இன்றைய காரின் வெளித்தகடு சுமார் 0.7 மில்லிமீட்டர் கனம்தான். நல்ல தயாரிப்பில் அதன்மேல் 7 முதல் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும். அப்புறம் முழு உடலையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, சுமார் 20 மைக்ரான் அடிப்பூச்சு ஏற்றுவார்கள். ஈ.டி. கோட்டிங் என்பது இதுதான். பிரைமர், கலர், கிளியர் எல்லாம் அதற்கு மேல்தான். கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அது தீர்ந்தபின்தான் இரும்பின் முறை. ஜெர்மனியின் ஆடி (Audi) கார் நிறுவனம் 1986-இல் வந்த ஆடி 80 காரில் முழு உடலுக்கும் துத்தநாகப் பூச்சு கொடுத்தது. அதன்பின் ஐரோப்பாவில் பலரும் அந்த வழிக்கு வந்தார்கள். சிறிய, விலை குறைந்த கார்களில் எல்லாத் தகடுக்கும் இது கிடைப்பதில்லை. எந்தத் தகடுக்கு உண்டு என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டுகூட மாறலாம். அந்த மாடலின் ஓனர் மேனுவலில் துருவால் ஓட்டை விழுவதற்குத் தனி வாரன்டி போட்டிருக்கிறதா, எத்தனை வருடம் என்று பாருங்கள். தயாரித்தவருக்கே தன் தகட்டின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்பது அந்தப் பக்கத்தில் தெரியும்.

"பழைய கார் தகடு கனம், துருப்பிடிக்காது" என்பது பரவலான தவறான எண்ணம். கனமான தகடு ஓட்டை விழ அதிக நாள் எடுக்கும், அவ்வளவுதான். துரு பிடிப்பதைக் கனம் தடுக்காது. அடிப்பூச்சு சரியில்லாத கனத்த தகட்டைவிட, துத்தநாகம் பூசிய மெல்லிய தகடு அதிக காலம் நிற்கும்.

காரின் வகையைப் பொறுத்துப் பார்க்க வேண்டிய இடமும் மாறும். சாதாரண ஹாட்ச்பேக், செடான்களில் உடம்பே சட்டம். தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடும் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு பெட்டியும் அரித்தால் காரின் பலமே போய்விடும். பொலிரோ, ஸ்கார்பியோ, இன்னோவா, ஃபார்ச்சூனர் போன்றவற்றில் உடம்புக்கு அடியில் தனி சேஸிஸ் உண்டு. அங்கே உடம்பில் லேசாகத் துரு இருந்தால் பயமில்லை, சேஸிஸ் பெட்டிக்குள் சேறு தங்கியிருந்தால்தான் பயம். இதில் பிராண்டின் நல்ல பெயரை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில், டொயோட்டா டகோமா பிக்கப்பின் சேஸிஸ் அரித்து ஓட்டை விழுந்தது. 2008-இல் அந்த நிறுவனம் பழைய வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வர வேண்டியதாயிற்று. இன்ஜின் மட்டும் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடக்கூடிய நிலையிலேயே இருந்தது.

வேன்களில் தரையை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பின் சீட்டைக் கழற்றி மீன் கூடை ஏற்றிய வேனில், ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தரை மடிப்புகளில் இறங்கியிருக்கும். சன்ரூஃப் உள்ள கார்களில் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் மெல்லிய குழாய்கள் அடைத்தால், அந்தத் தண்ணீர் கார்பெட்டுக்கு அடியில் வந்து சேரும்.

4. லிஃப்டில் ஏற்றி அடிப்பாகம் பாருங்கள்

பெயிண்டைப் பார்க்கும் முன் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பளபளப்பான பெயிண்டைப் பார்த்தால் மனசு இளகிவிடும், அப்புறம் அடியில் பார்ப்பதையெல்லாம் "பரவாயில்லை" என்று சொல்லத் தோன்றும்.

முன்னிருந்து பின்னாகப் போங்கள். இன்ஜினைத் தாங்கும் கிராஸ் மெம்பர், அது உடம்போடு போல்ட்டில் சேரும் இடம், ஜாக்கி வைக்கும் இடங்கள் நான்கு, ரன்னிங் போர்டின் அடி மடிப்பு, பிரேக் ஆயில் செல்லும் இரும்புக் குழாய்கள், பெட்ரோல் டேங்க் கட்டியிருக்கும் பட்டை, பின்பக்க ஆக்ஸில். சைலன்சர் சிவந்திருந்தால் கவலை வேண்டாம், அது சூட்டில் எப்போதும் அப்படித்தான் இருக்கும், தனியாக மாற்றலாம். பிரேக் டிஸ்க்கில் தெரியும் இளஞ்சிவப்புத் துருவும் அப்படியே. இரண்டு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டையும் கண்டு பயந்து நல்ல காரை விட்டுவிடுகிறார்கள்.

ஜாக்கி வைக்கும் இடத்தில் திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு "டங்" என்று ஒலிக்கும். அரித்த தகடு "தொப்" என்று அடங்கிப்போகும், கூடவே செதில் செதிலாக உதிரும். நுனியால் குத்த வேண்டாம். அடுத்தவர் கார் அது. சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் அனுமதி கேட்டு மெதுவாக அழுத்திப் பாருங்கள்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்த பழைய காரைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள். விற்பதற்கு ஒரு வாரம் முன்பு அடித்ததாக இருக்கலாம். துருவின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும், துரு அதற்கு அடியில் வேகமாகப் பரவும். தொழிற்சாலைப் பூச்சு சீராக இருக்கும், போல்ட் தலைகளும் ரப்பர் புஷ்களும் சுத்தமாக இருக்கும். போல்ட், ரப்பர், வயர், சைலன்சர் மேலெல்லாம் கறுப்பு தெறித்திருந்தால் அவசரத்தில் அடித்தது. அப்படிப்பட்ட காரை நான் பாதி விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

5. மேட்டைத் தூக்கி, கார்பெட்டையும் தூக்குங்கள்

ரப்பர் மேட்டைத் தூக்குவது மட்டும் போதாது. அதற்கடியில் இருக்கும் கார்பெட்டையும் ஓரத்தில் கதவுப் பக்கம் கொஞ்சம் இழுத்துத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை டிஷ்யூவால் அழுத்துங்கள். டிஷ்யூ நனைந்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விலை பேசாதீர்கள்.

நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் ஏசி. வருடம் முழுக்க ஏசி ஓடுகிறது. உள்ளே சேரும் தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் தூசி அடைத்தால் தண்ணீர் டாஷ்போர்டுக்கு அடியிலேயே வழிந்து, பெரும்பாலும் முன்பக்கம் இடது சீட்டுக்காரரின் காலடியில் இறங்கும். மேலே மேட் காய்ந்துதான் இருக்கும். பஞ்சு மாதக்கணக்கில் ஊறிக் கிடக்கும். தரைத் தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கும்.

திருவான்மியூரில் ஒரு வெள்ளை ஹாட்ச்பேக்கை சித்தப்பா மகனுக்காகப் பார்க்கப் போனேன். 11 வயது, ஒரே ஓனர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கார் அவ்வளவு சுத்தம். இன்ஜின் சத்தமே இல்லை. தம்பி அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகிவிட்டான். இடது பக்கக் கார்பெட்டைத் தூக்கியதும் புழுங்கிய துணி வாடை வந்தது. பஞ்சைப் பிழிந்தால் காபிக் கலரில் தண்ணீர். அதற்கடியில் தகடு பலகாரச் சட்டியில் ஒட்டிய பொருக்கு மாதிரி அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. டார்ச்சை அணைத்துப் பார்த்தபோது, இரண்டு இடத்தில் கீழே இருக்கும் சிமென்ட் தரையின் வெளிச்சம் ஊசிமுனை அளவுக்குத் தெரிந்தது. ஓனர் நிஜமாகவே அதிர்ந்துபோனார். "பத்து வருஷமா வாரம் ரெண்டு தடவை கழுவுறேனே தம்பி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்க்காத இடத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. துரு பார்க்கும்போது விற்பவரை ஏமாற்றுக்காரர் என்று முன்முடிவோடு நடத்தாதீர்கள். பெரும்பாலான ஓனர்களுக்கே இது தெரியாது.

ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் நல்லது. புழுக்கமான நாளில் ஏசி நன்றாகக் குளிர்ந்தும் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால் அந்தத் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள்.

6. கதவின் அடிவிளிம்பும் மட்கார்டும்

ஜன்னல் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியே போகத்தான் கதவின் அடியில் இரண்டு மூன்று வடிகால் ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். தூசியும் கிரீஸும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் கதவு ஒரு தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். கதவைத் திறந்து, அடிவிளிம்பில் விரலை ஓட்டுங்கள். சொரசொரப்பாகவோ கொப்புளமாகவோ பட்டால் உள்ளிருந்து அரிக்கிறது என்று அர்த்தம். நைலான் டையின் நுனியை ஓட்டைக்குள் விட்டு ஆட்டிப் பாருங்கள். அரை டம்ளர் சேற்றுத் தண்ணீர் கொட்டிய கதவுகளைப் பார்த்திருக்கிறேன். கம்பி விட வேண்டாம், அது உள்பூச்சைக் கீறிவிடும்.

மட்கார்டுக்கு வெளிப்பக்கம் பார்க்கத் தேவையில்லை. விளிம்புக்கு உள்ளே, டயருக்கு மேலே கையை விட்டுத் தடவுங்கள். அங்கே ஒரு மடிப்பு இருக்கும், அதில் சேறு காய்ந்து கட்டியாகியிருக்கும். அது காய்ந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். பின் மட்கார்டுதான் முக்கியம், அது உடம்போடு ஒன்றாகச் சேர்ந்த தகடு. முன் மட்கார்டு போல்ட்டில் மாட்டியது, வேறு வாங்கி மாட்டிவிடலாம். உள்ளே பிளாஸ்டிக் மூடி முழுசாக உள்ள கார்கள் இந்த இடத்தில் நன்றாகத் தாங்குகின்றன. மூடி உடைந்து பாதி தொங்கினால் அது இல்லாததைவிட மோசம், சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

7. டிக்கி, பானெட், கண்ணாடி ஓரம்

ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அந்தக் குழியில் தண்ணீர்க் கோடு, மண், துரு வளையம் எது இருந்தாலும் தண்ணீர் வந்து போயிருக்கிறது. பின் விளக்கின் ரப்பரோ டிக்கி ரப்பரோ கசிந்திருக்கலாம். வெள்ளத்தில் நின்றிருக்கலாம். குழியின் மடிப்புகளில் வண்டல் படிந்திருந்து, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அதிலும் மண் கறை தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற கார்தான்.

இப்போதுதான் பானெட். பேட்டரித் தட்டைப் பாருங்கள். ஆசிட் பட்டு அரித்திருந்தால் தட்டு மட்டும் போனதா, அடியில் இருக்கும் தகடும் போனதா என்று கவனியுங்கள். ஷாக் அப்சார்பர் மேலே வந்து சேரும் இரண்டு கிண்ணங்களையும் சுற்றிப் பாருங்கள். அங்கே துருவோ புது வெல்டிங்கோ இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் கிளம்பிவிடலாம். முன்சக்கரத்தின் முழு உதையும் அந்த இடத்தில்தான் விழுகிறது.

வேப்ப மரத்தடியில் நின்ற கார் என்றால் வைப்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் ஜல்லடைக்குள் டார்ச் அடியுங்கள். வேப்பிலை மட்கி எருவாகியிருக்கும். அது ஈரத்தை வாரக்கணக்கில் வைத்திருக்கும். முன்கண்ணாடி மாற்றப்பட்ட காரா என்றும் கேளுங்கள். பழைய பசையைக் கத்தியால் அறுக்கும்போது பெயிண்ட் கீறி, புது ரப்பருக்கு அடியில் துரு தொடங்கும்.

8. கடைசியாகப் பெயிண்ட்

தொழிற்சாலைப் பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் இருக்கும். மறுபடி அடித்தால் 200-ஐத் தாண்டும். பட்டி பூசியிருந்தால் ஆயிரத்தையும் தாண்டும். பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் உள்ள மெக்கானிக் கூட வந்தால் நல்லது, இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். பின் மட்கார்டு விளிம்பு, கதவின் அடி, ரன்னிங் போர்டு என்று முன்பு பார்த்த இடங்களிலேயே வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நிற்பதும் மறுபக்கம் வழுக்கி விழுவதுமாக இருந்தால், விழுந்த இடத்தில் பட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டவில்லை என்று பதறாதீர்கள், அது எப்போதும் ஒட்டாது.

9. பார்த்த துருவைத் தரம் பிரியுங்கள்

எல்லாத் துருவும் ஒன்றல்ல. இந்தப் படியில் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். சிலர் ஒரு புள்ளியைக் கண்டு ஓடுகிறார்கள், சிலர் ஓட்டையையும் "பட்டி போட்டுக்கலாம்" என்கிறார்கள்.

மேல் துரு என்பது கீறலிலோ போல்ட்டிலோ இருக்கும் செம்மண் நிறம். உப்புத்தாளில் தேய்த்தால் வெள்ளை இரும்பு தெரியும். பயமில்லை, சீக்கிரம் கவனித்தால் போதும்.

கொப்புளம் இரண்டாம் தரம். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயிண்டைத் தூக்குகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும் என்று கணக்கு வையுங்கள். கதவு, பானெட், டிக்கி மூடி போன்ற மாட்டிக் கழற்றும் பாகங்களில் இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். டிங்கரிடம் காட்டி, செலவை எழுதி வாங்கியபின் பேரம் பேசுங்கள்.

ஓட்டை மூன்றாம் தரம். ரன்னிங் போர்டு, தரை, சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடம், ஷாக் அப்சார்பர் கிண்ணம், சேஸிஸ் ஆகிய இவற்றில் எங்கே ஓட்டை இருந்தாலும் வாங்க வேண்டாம். மோதினால் உயிரைக் காக்க வேண்டிய தகடுகள் இவை. சொந்தக் கார் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டவும் வேண்டும், அங்கேயும் இது பிரச்சினையாகும். சாதாரண இன்சூரன்ஸ் தேய்மானத்துக்குப் பணம் தராது, துருவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

10. வாங்கிய பிறகு, முதல் மாதம்

வரிசை இது: கழுவு, உலர்த்து, வடிகால் திற, துரு நீக்கு, கடைசியில் கோட்டிங். எல்லோரும் கடைசிப் படியை முதலில் செய்கிறார்கள். காரை வாங்கியதும் நேராகக் கோட்டிங் கடைக்குப் போகிறார்கள், அங்கே கழுவி ஒரு மணி நேரத்தில் ஈரத்தின் மேலேயே அடித்துவிடுகிறார்கள்.

நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தை அழுத்தமாகக் கழுவச் சொல்லுங்கள். நல்ல தண்ணீரா என்று கடையில் கேட்டுவிட்டே செய்யுங்கள். அப்புறம் குறைந்தது இரண்டு நாள் வெயிலில் ஓட்டி நிறுத்தி உலர விடுங்கள். கதவு, ரன்னிங் போர்டு, டிக்கிக் குழி எல்லாவற்றின் வடிகால்களையும் நைலான் டையால் திறங்கள். ஏசிக் குழாயை மெக்கானிக்கிடம் காற்று அடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மேல் துரு உள்ள இடங்களில் உதிரும் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் மிச்சத் துருவின் மேல் ரஸ்ட் கன்வர்ட்டர் பூசுங்கள். துரு கறுப்பாக மாறி இறுகும். அதன் மேல் பிரைமர், பிறகு பெயிண்ட். கன்வர்ட்டரோடு நிறுத்தாதீர்கள், அது காற்றையும் ஈரத்தையும் தடுக்காது. வெல்டிங் வேலை இருந்தால் மிக் வெல்டிங் செய்யும் பட்டறையாகப் பாருங்கள். கேஸ் வெல்டிங்கின் சூடு சுற்றிலும் பரவி நல்ல பூச்சையும் எரித்துவிடும். அழுகிய தகட்டை வெட்டி எடுத்தபின்தான் புதுத் தகடு வைக்க வேண்டும், மேலேயே ஒட்டுப் போட விடாதீர்கள். வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்வதையும் மறக்காதீர்கள்.

கோட்டிங் அடிக்கும்போது நீங்கள் கூடவே நிற்க வேண்டும். அடிப்பவர்கள் வேகத்தில் வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். பணம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டிய கதையாகிவிடும். அடிக்கும் முன் ஒவ்வொரு ஓட்டையிலும் டேப்போ, பேப்பர்த் திரியோ வைக்கச் சொல்லி, முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள். ரன்னிங் போர்டு, சேஸிஸ் பெட்டிகளுக்கு உள்ளே மெழுகு போன்ற திரவத்தை நீளக் குழாயால் அடிப்பவர்கள் உண்டு. அடிப்பாகக் கறுப்புக் கோட்டிங்கைவிட இதற்குச் செலவு செய்வது நல்லது, ஏனென்றால் அரிப்பு தொடங்குவதே பெட்டியின் உள்பக்கத்தில்.

ஈரக் காரின் மேல் கவர் போடாதீர்கள். மழையில் நனைந்த காரை மூடிய கராஜில் விடுவதைவிட, காற்றோட்டமான திறந்த ஷெட்டில் விடுவது மேல். உப்பு போர் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் தினமும் துடைப்பதை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள், மழை தொடங்கும் முன், வடிகால்களை ஒருமுறை திறந்து விடுங்கள். வாங்கிய நாளிலேயே அடிப்பாகத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். தை பிறந்ததும் லிஃப்டில் ஏற்றி, அதே இடங்களை மறுபடி போட்டோ எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த இடத்துக்கு உப்புத்தாள் தேவை என்று தெரிந்துவிடும்.